தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வீட்டுக்கு வந்ததும் என்ன எதிர்பார்க்கலாம்?

(தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஆற்றிய விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



ஆபரேஷன் முடிந்து வார்டில் இருப்பவர்கள், அடுத்த வாரம் தேதி வாங்கியிருப்பவர்கள், துணைக்கு வந்திருக்கும் அம்மா, அக்கா, வீட்டுக்காரர், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு. ஆபரேஷனை எப்படிச் செய்கிறார்கள் என்று இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. அது டாக்டர்களின் வேலை, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் வீட்டில் நடப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது உங்கள் வேலை.

இந்த ஆபரேஷனில் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுரப்பியை முழுசாக எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைவதாக இருந்தால், அது பெரும்பாலும் முதல் 3 நாட்களுக்குள்தான் தெரியவரும். அதாவது, நீங்கள் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறும் நேரமும் அந்தத் தொந்தரவு ஆரம்பிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரலாம். வார்டில் இருந்தால், "விரல் மரத்துப் போகுதாம்மா? உதடு சுறுசுறுங்குதா?" என்று நர்ஸ் வந்து கேட்பார். வீட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்பது? நீங்கள்தான் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் இன்றைக்கு ஒரே ஒரு காரியம் செய்வோம். எது சாதாரணமாக வந்து போவது, எதற்கு உடனே போன் போட வேண்டும், எதை வாழ்நாள் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொள்வோம்.

முழுசா, பாதியா?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும். அதன் பின்பக்கத்தில் பாராதைராய்டு என்று நான்கு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மணி அளவுதான். ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவை அவைதான். இரண்டு பக்கமும் குரல் நாண்களை இயக்கும் நரம்புகள் போகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் முக்கியமான தொந்தரவுகள் எல்லாம் இந்த அக்கம்பக்கத்துக்காரர்களால் வருபவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம், சுரப்பியை முழுவதும் எடுத்தார்களா, ஒரு பக்கம் மட்டும் எடுத்தார்களா என்பது. நிறையப் பேரிடம் கேட்டால் "கட்டியை எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்வார்கள். அது போதாது. முழுவதும் எடுத்திருந்தால் தைராய்டு ஹார்மோன் மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்திருந்தால், மிச்சம் இருக்கும் பாதியே பலருக்குப் போதுமானதைச் சுரந்துவிடும். சிலருக்கு அது போதாமல் மாத்திரை தேவைப்படும். ரத்தப் பரிசோதனை செய்துதான் அதைச் சொல்ல முடியும். இந்த விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும். புரியவில்லை என்றால் கிளம்பும் முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு, உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 24 மணி நேரம்

மயக்கம் தெளிந்ததும் தொண்டை வலிக்கும். எச்சில் விழுங்கினால் முள் குத்துவது போல இருக்கும். மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக் குழாயில் டியூப் போட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். சில நாளில் சரியாகிவிடும். பின்கழுத்தும் தோளும் வலிக்கும். ஆபரேஷன் நேரம் முழுக்கக் கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததால் வருவது அது. குமட்டல், ஒன்றிரண்டு தடவை வாந்தி வரலாம். சிலருக்குக் காயத்தின் பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே சேரும் நீரையும் ரத்தத்தையும் வெளியே எடுப்பதற்கு அது. ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும்.

இதெல்லாம் சாதாரணம். சாதாரணம் இல்லாத ஒன்று இருக்கிறது. காயத்துக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்தால் அது மூச்சுக் குழாயை அழுத்தும். அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே நடக்கும். அதனால்தான் அன்று இரவு யாராவது வந்து கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "தூங்க விடாம பண்றாங்களே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்து திடீரென வீங்கினால், இறுக்கிப் பிடிப்பது போல இருந்தால், மூச்சு விடும்போது சத்தம் வந்தால், எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108. நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். போனில் பேசும்போது "தைராய்டு ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், கழுத்து வீங்குது, மூச்சு திணறுது" என்று அதே வரிசையில் சொல்லுங்கள்.

கால்சியம்: விரல் நுனி சொல்லும் செய்தி

அந்த நான்கு அரிசி மணிகளை டாக்டர்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுவார்கள். ஆனாலும் பக்கத்தில் கை வைத்ததில் அவை சில நாள், சில வாரம் சோர்ந்து போகலாம். அப்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கும். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களில் பலருக்கு இது தற்காலிகமாக வரும். நிரந்தரமாக நின்றுவிடுவது கொஞ்சப் பேருக்குத்தான்.

முதல் அறிகுறி வாயைச் சுற்றியும், விரல் நுனியிலும், கால் விரலிலும் வரும் சுறுசுறுப்பு. எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல என்று சொல்வார்கள். அடுத்த கட்டத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். இன்னும் இறங்கினால் கை விரல்கள் தானாக ஒன்று சேர்ந்து கூம்பி விறைத்துக்கொள்ளும். மிகவும் குறைந்தால் வலிப்பே வரலாம், இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம்.

இங்கேதான் வீட்டில் தவறு நடக்கிறது. "வாயுப் பிடிப்பு, சுக்குக் கஷாயம் குடி" என்பார் ஒருவர். "ரத்தம் குறைஞ்சிருக்கு, அதான் மரத்துப் போகுது" என்பார் இன்னொருவர். கை இழுத்துக்கொண்டால் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் கால்சியம் ஏறாதுங்க.

என்ன செய்ய வேண்டும்? சுறுசுறுப்பு வந்தால் எத்தனை கால்சியம் மாத்திரை கூடுதலாகப் போடலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். சுறுசுறுப்பு ஆரம்பித்ததும் அதன்படி போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்த வார்டுக்குப் போன் செய்யுங்கள். மாத்திரை போட்டும் குறையவில்லை, கை விரல் கூம்புகிறது, இழுப்பு வருகிறது என்றால் அது மாத்திரையால் சரியாகும் கட்டம் இல்லை. ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். நேரத்தோடு போனால் கால்சியம் ஏற ஏற இழுப்பு தளர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். "கேழ்வரகில் கால்சியம் இருக்கு, எள்ளில் இருக்கு, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்று கேட்பார்கள். கேழ்வரகு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் பாராதைராய்டு சோர்ந்திருக்கும்போது சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. அதனால்தான் கால்சியத்தோடு கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். களியும் கூழும் அந்த மாத்திரைக்குப் பதில் ஆகாது. நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. ரத்தத்தில் பார்த்து டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

குரல் மாறினால்

முதல் சில நாள் குரல் கரகரப்பாக, சோர்வாக இருக்கலாம். பேசிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் குரல் இறங்கிவிடும். உரக்கக் கூப்பிட வராது. இவை பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் திரும்பிவிடும். குரல் நரம்பு அசைந்திருந்தால் சில மாதங்கள் ஆகலாம். நிரந்தரமாகத் தங்கிவிடுவது கொஞ்சப் பேருக்குத்தான்.

காய்கறி கூவி விற்பவர், கண்டக்டர், டீச்சர், கோயிலில் பாடுபவர் என்று குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் வேலை என்ன என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு, போனில் தினமும் ஒரே வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்யுங்கள். "என் பேர் இன்னது, இன்னிக்கு இத்தனாந் தேதி" என்றால் போதும். முதல் நாள் பதிவையும் பத்தாம் நாள் பதிவையும் கேட்டால் தேறுகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். டாக்டரிடமும் போட்டுக் காட்டலாம்.

குரலைக் காப்பாற்றுகிறேன் என்று ரகசியம் பேசுவது போலக் கிசுகிசுக்காதீர்கள். அதுவும் குரலுக்குச் சிரமம்தான். மெதுவாக, இயல்பாகப் பேசுங்கள். தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு தடவையும் புரை ஏறுகிறது என்றால் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் குரல் வரவில்லை என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சின்னக் கேமராவை விட்டுக் குரல் நாண்கள் அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். குரல் பயிற்சியும் உண்டு. "விதி அவ்வளவுதான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

காயம், தாலிச் சரடு, ஹெல்மெட்

காயத்தை எப்போது நனைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒரு மாதிரி, பிரிக்க வேண்டிய தையல் என்றால் ஒரு மாதிரி. அதுவரை கழுத்துக்குக் கீழே குளித்துக்கொள்ளலாம். காயத்தின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். ஆறட்டும்.

தாலியைக் கழற்ற மனசு வராது. கழற்றச் சொல்லவும் இல்லை. சரடு தையல் மேல் உரசாமல், இடையில் சுத்தமான பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சரடில் தினம் மஞ்சள் பூசுவதைக் காயம் ஆறும் வரை தள்ளி வையுங்கள். மற்ற சங்கிலிகள் பீரோவில் இருக்கட்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் தழும்பின் மேல்பக்கம் தடித்துக் கெட்டியாகத் தெரியும். "கட்டி திரும்ப வந்துடுச்சு" என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் ஆறுவதின் ஒரு கட்டம். வாரம் போகப் போக இளகும். தழும்பு முழுசாகப் படிந்து நிறம் மாற ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். அதுவரை வெயில் நேரடியாகப் படாமல் முந்தானையாலோ துப்பட்டாவாலோ மூடிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுத்துப் போகும். காயம் சிவந்து, சூடாகி, சீழ் வந்தால், அல்லது காய்ச்சல் அடித்தால், ரிவியூ தேதிக்காகக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் கிடையாது. முதல் சில நாள் விழுங்க எளிதாக இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி. பிறகு வழக்கமான சாப்பாடு. பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் சேர்ந்தால்தான் காயம் ஆறும். பத்தியம் என்று சொல்லி வெறும் மிளகு ரசத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

கழுத்தை அசைக்கவே பயந்து பொம்மை மாதிரி உட்காராதீர்கள். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக இடது வலது திருப்புங்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை போன்றவற்றை இரண்டு வாரமாவது தூக்க வேண்டாம். டூ வீலர் ஓட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் வலி இல்லாமல் திரும்பிப் பார்க்க முடியணும், ஹெல்மெட் வார் காயத்தில் உரசக் கூடாது. இரண்டும் சரியாகும் வரை வண்டி நிற்கட்டும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது அதற்கு வழி இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பலர் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுகிறார்கள். உடம்பால் உழைப்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படும்.

வாழ்நாள் மாத்திரை

இப்போது ஒரு பழைய கதை சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் தியோடர் கோச்சர் என்று ஒரு சர்ஜன் இருந்தார். அந்தக் காலத்தில் தைராய்டில் கத்தி வைத்தாலே ரத்தம் போய் இறந்துவிடுவார்கள் என்று டாக்டர்களே பயந்தார்கள். அவர் நிதானமாக, ரத்தம் போகாமல் செய்து காட்டினார். நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் சுரப்பியை முழுவதும் எடுத்தவர்களைப் பிறகு திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது, பலர் உடம்பு ஊதி, மந்தமாகி, சுறுசுறுப்பு எல்லாம் போய் இருந்தார்கள். 1883-ல் அவரே இதை வெளியே சொன்னார். ஆபரேஷன் ஜெயித்தது, மனிதர் ஜெயிக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு மாத்திரை இல்லை.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். கோச்சருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆட்டுச் சாற்றின் இடத்தில் இன்றைக்கு இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் லெவோதைராக்சின் மாத்திரை. கோச்சரின் நோயாளிகளுக்குக் கிடைக்காதது உங்களுக்குத் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதைச் சரியாகப் போடுவது மட்டும்தான் பாக்கி.

சரியாக என்றால் எப்படி? காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, டிபன் எதுவும் வேண்டாம். காபியோடு போட்டால் மாத்திரை முழுசாக உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு உதாரணம். காலை 6 மணிக்கு தைராய்டு மாத்திரை. 7 மணிக்குக் காபி, டிபன். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும். உங்களுக்கு மூன்று வேளை எழுதியிருந்தால் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலாரம் வையுங்கள்.

இந்த மருந்தில் ஒரு ஏமாற்று உண்டு. ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். "நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. இனிமே எதுக்கு?" என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். உடம்பு அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மறதி, முகம் ஊதுவது. மெல்ல வருவதால் "வயசாகுது" என்று நினைத்துக்கொள்வோம். சுரப்பியை முழுசாக எடுத்தவர் மாதக்கணக்கில் மாத்திரையை நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தில் முடியலாம். அதனால் கையில் எப்போதும் 15 நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். மழைக்காலத்தில், புயல் எச்சரிக்கை வந்தால், ரேஷன் கார்டு எடுத்து வைக்கும் பையிலேயே இதுவும் இருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வருகிறது என்றால் வழக்கம்போல ஒரு நாளுக்கு உண்டானதை மட்டும் போடுங்கள். கேட்காமல் இரட்டிப்பாகப் போட வேண்டாம். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் மைக்ரோகிராம் அளவு அதேதானா என்று பாருங்கள். கம்பெனி மாறியதை அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆறு வாரக் கணக்கு

முதலில் எழுதிக் கொடுக்கும் அளவு உங்கள் எடையைப் பார்த்துப் போட்ட தோராயக் கணக்கு. அது உங்களுக்குச் சரியா என்று சொல்வது டி.எஸ்.எச். பரிசோதனை. ஆபரேஷன் முடிந்து 6 முதல் 8 வாரத்தில் பார்ப்பார்கள். அளவை மாற்றினால் மறுபடி அதே இடைவெளி விட்டுப் பார்ப்பார்கள். மாத்திரை அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவது. குறைவானால் மேலே சொன்ன மந்தம். இரண்டையும் எழுதி வைத்துச் சொல்லுங்கள். பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், ரிசல்ட்டை அது குழப்பும்.

"தைராய்டை எடுத்துட்டா குண்டாயிடுவாங்களாமே?" என்பது பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. மாத்திரை அளவு சரியாக இருந்தால் ஆபரேஷன் ஒன்றால் மட்டும் பெரிதாக எடை ஏறாது. ஏறுகிறது என்றால் பரிசோதனை செய்து பாருங்கள்.

குழந்தை பெற நினைக்கும் பெண்கள் கவனிக்க வேண்டியது இது. கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களிலேயே இந்த மருந்தின் தேவை கூடும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். கர்ப்பம் என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கினீர்களா?

எடுத்த சுரப்பியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். காயம் ஆறிவிட்டது, வலி இல்லை, சரியாகிவிட்டது என்று ரிப்போர்ட்டையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் மிக முக்கியம். அடுத்து என்ன என்பதை அதுதான் முடிவு செய்யும்.

சாதாரணக் கட்டி என்றால் மாத்திரையோடு முடிந்தது. புற்றுநோய் என்று வந்தால் பதறாதீர்கள். தைராய்டில் அதிகம் வரும் வகைகள் நன்றாகக் குணப்படுத்தக் கூடியவை. சிலருக்கு ரேடியோ அயோடின் சிகிச்சை தேவைப்படும். அதற்கு முன் கொஞ்ச நாள் அயோடின் குறைந்த சாப்பாடு, அதற்குப் பிறகு சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருப்பது என்று விதிமுறை சொல்வார்கள். எல்லோருக்கும் அது தேவை இல்லை.

உங்கள் போன் உங்கள் உதவியாளர்

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஆபா எண் எடுத்திருந்தால், 14 இலக்கமும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். நீங்கள் மயங்கி இருக்கும்போதும் உங்கள் கதையைச் சொல்லப் போவது அந்த ஃபோல்டர்தான்.

காயத்தை இரண்டு நாளுக்கு ஒரு தடவை, ஒரே ஜன்னல் பக்கம் நின்று, ஒரே தூரத்தில் போட்டோ எடுங்கள். கை விரல் கூம்பிக்கொண்டால் துணைக்கு இருப்பவர் முதலில் 108-ஐக் கூப்பிடட்டும், பிறகு சின்ன வீடியோ எடுக்கட்டும். வார்த்தையில் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது நன்றாகப் புரியும்.

சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச இ-சஞ்சீவனி செயலி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறல், கழுத்து வீக்கம், கை இழுப்பு, வலிப்பு இவற்றுக்கு இவை எதுவும் இல்லை. அதற்கு 108 மட்டும்தான்.

போனில் கெட்டதும் வரும். "முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தைராய்டு போச்சு", "அயோடின் உப்பை நிறுத்துங்கள்", "இந்த மூலிகையைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். சுரப்பியை முழுசாக எடுத்த பிறகு முட்டைக்கோஸ் எதைக் கெடுக்கப் போகிறது? தாராளமாகப் பொரியல் செய்யுங்கள். ரேடியோ அயோடினுக்காக டாக்டர் சொன்னால் தவிர, வீட்டு உப்பை மாற்ற வேண்டாம். இல்லாத சுரப்பியை எந்த மூலிகையும் முளைக்க வைக்காது.

துணைக்கு இருப்பவர்களுக்கு

முதல் இரண்டு வாரம் அவர் சோர்வாக இருப்பார், அடிக்கடி படுத்துக்கொள்வார், சின்னதற்கெல்லாம் கண் கலங்கும். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அடுத்த அறையிலிருந்து கத்திக் கூப்பிட வைக்காதீர்கள், நீங்கள் எழுந்து போய்க் கேளுங்கள். காலையில் காபியை நீட்டும் முன் "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு கேள்வி. முதல் ஒரு வாரம் ராத்திரி படுக்கும் முன் "விரல் சுறுசுறுங்குதா?" என்று இன்னொரு கேள்வி. வார்டில் நர்ஸ் கேட்ட கேள்விகள் இனி உங்களுடையவை.

இன்று இரவு செய்ய வேண்டியது மூன்றே வேலை. ஆபரேஷன் செய்த வார்டின் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரைக்கு அலாரம் வையுங்கள். டி.எஸ்.எச். பரிசோதனைக்கான ஆறாவது வாரத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். இந்தப் பேச்சில் பாதி மறந்து போனாலும் இந்த மூன்றும் உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

சீக்கிரம் தேறி வாருங்கள்.